விளம்பரத்தில் விடுபட்டது

முதலில் எழுதினேன்:
சர்வர் விற்பனைக்கு, நல்ல நிலை.
அழித்தேன்.
நல்ல நிலை என்று எழுதுகிறவன்
மூடியைத் திறந்தே பார்க்காதவன்.

மறுபடி:
வாங்கியபோது ராம் முப்பத்திரண்டு ஜிபி,
இப்போது இருநூற்று ஐம்பத்தாறு.
பிராசசர் இரண்டும் மாற்றியவை.
(தம்பெரேயில் ஓர் ஆய்வுக்கூடத்தை மூடியபோது
வாளியில் போட்டு விற்ற சிப்புகள்.
அதை எழுதவில்லை.)
விசிறி ஆறு. ஐந்து புதியவை.
ஆறாவது தானாக நிற்கும்,
தட்டினால் ஓடும்.
அதை எழுதினேன்.
விலை முந்நூற்று அறுபது யூரோ.

பகலில் நான்
ஔலு நகர மருத்துவமனையில்
காதுக் கருவி பொருத்துகிறவன்.
தாள் கசங்குவது கேட்கிறதா, சாவி விழுவது கேட்கிறதா
என்று கேட்டுக் கேட்டுத் திருகுவேன்.
இரவில் சவுனாவுக்குப் பின்னாலுள்ள அறையில்
ஓடுபாதையிலேயே நிற்கும் விமானம் ஒன்றின் பக்கத்தில்
நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.
சுவருக்கு அப்பாலிருந்து மார்கெத்தா,
"இன்னும் கிளம்பலையா அது?"

ஓர் இரும்புப் பெட்டிக்குள் எட்டுக் கணினிகள்.
ஒவ்வொன்றும்
தான் மட்டுமே இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது.
எட்டுக்கும் மீன் பெயர்.
ஹவுகி வாசலைக் காத்தது.
சீகா வெளியே எத்தனை பாகை என்று குறித்தது.
அஹ்வென் எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது,
நிறுத்தப் பயந்து ஓடவிட்டிருந்தேன்.

மணிக்கு மணி மாறும் மின்கட்டணத்தைப் பார்த்து
நடுச்சாமத்தில் துணி துவைக்கிற ஊர் இது.
மார்கெத்தா கணக்கைக் காட்டினாள்,
குரலை உயர்த்தவில்லை.
வேண்டிய ஐந்து மீன்களை
ரொட்டி அளவு பெட்டி ஒன்றுக்கு மாற்றினேன்.
மற்றவற்றை அழிக்கும்போது
நிச்சயமா, நிச்சயமா என்று மூன்று தடவை கேட்டது.
வட்டுகளில் சுழியத்தை நிரப்பப் பதினான்கு மணி நேரம்.
ஒரு தரம் நிரப்பினாலே போதும்.
இரண்டு தரம் நிரப்பினேன்.

ராஹேயிலிருந்து சிர்க்கு வந்தாள்,
பஸ் ஓட்டுகிறவள்.
பிள்ளைகளை வைத்து இழுக்கும்
சிவப்புப் பனிச்சறுக்கு வண்டியோடு.
பொத்தானை அழுத்தினேன்.
அறை உறுமியது.
அவள் தலையைச் சாய்த்து
வலது காதைக் கொடுத்துக் கேட்டாள்.
"சத்தமே இல்லையே!"
ஜன்னல் பக்கத்து இடது காதில்
மேல் சுருதிகள் போய்விட்டிருக்கும்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லியிருக்க வேண்டும்.
அவள் கேட்காமலே
இருபது யூரோ குறைத்தேன்.

கம்பளி போர்த்தி, கயிறு கட்டி
இருபத்தொன்பது கிலோவைப் பனியில் இழுத்துப்போனாள்.
குழந்தை தூங்குவதுபோல்தான் இருந்தது,
கம்பளிக்குக் கீழே ஒரு மின்கம்பி தொங்காதிருந்தால்.

நான்காம் நாள் மைனஸ் இருபத்தாறு.
பின்னறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை.
குழாய்க்காரர் தாவெத்தி மண்டியிட்டு
சுவரைத் தடவிப் பார்த்தார்.
"நாலு குளிர்காலம் உறையாத குழாய்
இந்த வருஷம் ஏன் உறைகிறது?
இங்கே ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா?"
"எட்டு மீன்கள்," என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு மார்கெத்தாவைப் பார்த்தார்.

இருநூற்றுத் தொண்ணூறு யூரோ,
ரசீதோடு.

மிச்சம் ஐம்பதுக்கு
ஒரு சின்ன ஹீட்டர் வாங்கினோம்.
விசிறி கிடையாது, சத்தம் கிடையாது,
ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.
இரவில் எழுந்து போய்
ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.
மூன்றாம் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
அதன் முதுகில் வெள்ளை டேப்,
மார்கெத்தாவின் சாய்ந்த கையெழுத்து,
அஹ்வென்.